தீர்ந்ததா: ஆம் / இல்லை

திங்கள் முதல் வியாழன் வரை, மாலை ஆறிலிருந்து ஒன்பது.
செயின்ட் ஜான்ஸ் நகரில் ஒரு சலவைக்கடையின் மாடி.
கீழே யாருடைய ஜீன்ஸோ உருள உருள
என் மேசையில் தேநீர் நடுங்கும்.
நியூஃபவுண்ட்லாந்துக் கடிகாரம் எதனோடும் ஒட்டாதது.
பக்கத்து மாகாணத்தைவிட
அரைமணி முன்னதாகவே நாங்கள் தவறு செய்துவிடுவோம்.

தொலைபேசி. ஹூவா, ஹூம்மா?
பதிலில் 'அவனை' வந்தால் ஹூம், 'அவன்' வந்தால் ஹூ.
பேச்சில் ஹூம் சொன்னால் இருமுகிறாய் என்பார்கள்,
தாளில் மட்டும் சொல்.

தொலைபேசி. கதையில் படகு ஏன் சிவப்பு?
இரண்டு மதிப்பெண்.
கொட்டகைக்கு அடித்ததுபோக மிஞ்சிய பெயின்ட் என்று
நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கி
'அடக்கிய கோபம்' என்றேன்.
எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.
எங்கள் கரையில் பாதிப் படகுகளுக்கு
அப்படியானால் தீராத கோபம்.

எட்டே முக்காலுக்கு லியாண்டர் ஹைன்ஸ், பத்தாம் வகுப்பு,
வடக்குக் கரையிலிருந்து.
மூக்கடைப்போடு, அவசரமில்லாமல் பேசுகிறவன்.
கட்டுரையின் முதல் வரி:
'டாட் இஸ் ஆஃப்டர் லீவிங்.'
செப்டம்பரில் ஒண்டாரியோவிலிருந்து வந்த ஆசிரியை
ஆஃப்டரைச் சுற்றி வட்டம் போட்டு
ஓரத்தில் கேட்டிருக்கிறார்: எதற்குப் பின்?

சிரித்துவிட்டேன். அது நம் வாய்வழக்கு, லியாண்டர்,
அவருக்குத் தெரிய நியாயமில்லை.
இப்போதுதான் போனார், நாற்காலிச் சூடு ஆறவில்லை,
அந்தப் பொருளுக்குப் புத்தகத்தில் இரண்டு பெட்டிகள்.
போனார், இன்னும் அங்கேயே என்றால் ஹேஸ் கான்.
போய்த் திரும்பிவிட்டார் என்றால் ஹேஸ் பீன்.
உன் அப்பா எதில்?

கீழே ஒரு இயந்திரம் நின்றது.

ஆல்பெர்ட்டாவில் எண்ணெய் வேலை, மிஸ்.
இருபது நாள் அங்கே, எட்டு நாள் வீடு.
இந்தத் தடவை அந்த எட்டு நாள் வரவில்லை.
டிக்கெட் என்ற சொல்லை அம்மா இப்போது எடுப்பதில்லை.

எப்போது போனார்?

ஆகஸ்டில்.

ஜன்னலுக்கு வெளியே பிப்ரவரி
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

எங்கள் வழக்குக்கும் இலக்கணம் உண்டு.
கையுறையைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவன்
ஆஃப்டர் சொல்லலாம்.
கெட்டிலைக் கவிழ்த்தவள் சொல்லலாம்.
ஆறு மாதத்துக்கு அது செல்லாது.
புத்தகத்திலும் தவறு, படகுத்துறையிலும் தவறு.

பதினோரு வருடமாக இந்த நாற்காலி.
தெரியாததைத் தெரியாது என்றிருக்கிறேன்,
தெரிந்த பதிலை மாற்றிச் சொன்னதில்லை.

'வாக்கியம் சரி' என்றேன்.
'மேற்கோள் குறிக்குள் போடு. வீட்டுப் பேச்சு என்று
அடியில் ஒரு வரி எழுது. வட்டத்தை விடு.'

'அப்போ, இப்போதான் போனார்னு அர்த்தம்?'

'ஆமாம்.'

'சரி, மிஸ்.'

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்.
கேள்வி: நிறைவுக் காலம்.
பதில்: கொடுக்கப்பட்டது, செயப்பாட்டு வினை,
யார் கொடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லாத வசதி.
மூன்றாவது கட்டத்தின் மேல் பேனா நின்றபோதே
மறுபடி மணி.
ஒருமை மோசஸுக்கு
அப்பாஸ்ட்ரஃபி எங்கே வைப்பது என்கிறாள் ஒரு சிறுமி.
மோசஸ் அவள் பூனையாம்.
பூனை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.