நடாவளி, பக்கம் பதினொன்று

பத்தரைக்குக் கூட்டம் என்று நோட்டீஸ்.
பதினொன்றேகாலுக்கு சமோசா வந்தது,
அதன் பின்னால் தலைவர் வந்தார்.
மார்ஜின் கிழித்து, தேதி போட்டு
நான் காத்திருந்தேன்.
காதில் எந்த மொழி விழுந்தாலும்
கையில் கன்னடமாக இறங்க வேண்டும்.
அல்சூர்க்காரிக்கு
அதற்குத்தான் சம்பளம்.

பொருள் ஒன்று:
பழைய விமான நிலையத்தை மறுபடி திறப்பதா,
அந்த நிலத்தில்
நகரத்துக்குப் புதிதாய் ஒரு மையம் கட்டுவதா.
முடிவு நம் கையில் இல்லை என்றார் தலைவர்,
அபிப்பிராயம் மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

நிவேதிதா ஹெக்டே திரையில் காட்டிய நகரத்தில்
மரங்கள் ஒரே வயதில் நின்றன.
நாயோடு நடப்பவர்கள் இருந்தார்கள்,
யாருக்கும் வியர்க்கவில்லை.
ஆட்டோ ஒன்றுகூட இல்லை,
ஆனாலும் எல்லாரும்
எங்கேயோ போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

குரியாகோஸ் எழுந்தார்.
கோபுரத்தில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவர்,
இப்போதும் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுகிறார்.
"ராத்திரி மழை. தேவனஹள்ளியில் இறங்க முடியவில்லை.
டேங்கில் இருபது நிமிஷம் இருக்கிறது.
அவனுக்கு நீங்கள் எந்தப் பூங்காவைக் காட்டுவீர்கள்?"
பாதிப் பேர் கை தட்டினார்கள்,
மீதிப் பாதி சமோசா பிடித்திருந்தார்கள்.

தப்ரேஸ் பாய்க்கு முருகேஷ்பாளையாவில் நாலு மாடி.
ஐந்தாவது, கடைசி மகளுக்கு.
உயரம் தாண்டுகிறது என்று
மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
"என் வீட்டுக்கு பி கத்தா சாமி, ஒத்துக்கொள்கிறேன்.
மேலே இருக்கும் வானத்துக்கு
எந்தக் கத்தா?"

அப்போது ஒன்று பறந்தது.
சோதனை ஓட்டமாம், மாசத்தில் சில நாள்.
திறந்த வாய்கள் திறந்தபடி நின்றன.
டம்ளர் தண்ணீரில் வளையம் வந்தது.
திரையில் இருந்த நகரம்
லேசாக நடுங்கி
மறுபடி நேரானது.
பத்தொன்பது நொடி எண்ணினேன்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
எங்கள் கையேட்டில் இல்லை.

சத்தம் அடங்கியதும்
கதவோரம் நின்ற அஞ்சலம்மா கேட்டாள்,
ஏர்போர்ட் ரோட்டை விடிகாலை பெருக்குபவள்:
"அது திறந்தாலும் சரி, இது கட்டினாலும் சரி,
குப்பை வண்டி எங்கே நிற்கும்?"
சிரித்தார்கள்.
நிவேதிதா சிரிக்கவில்லை.
படங்களைப் பின்னால் தள்ளினார்,
முன்னால் தள்ளினார்,
ஒரு நாயைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
வண்டி இல்லை.

"முந்தின விஷயா" என்றார் தலைவர்.
கன்னடத்தில் முந்தின என்றால்
இனி வரப்போவது.
எங்கள் வீட்டுத் தமிழில்
போய்விட்டது.
இருபத்திரண்டு வருஷ வேலையில்
இன்றும் அந்தச் சொல்லுக்கு
என் பேனா ஒரு கணம் நிற்கிறது.
இந்த ஓடுதளம் எந்த முந்தின
என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.

பொருள் ஒன்று: மேலிடத்துக்குக் கடிதம் எழுதலாம்.
உபரியாக:
சுடுகாட்டு மூலையில் ஒரு தென்னை
அனுமதித்த உயரத்தை மீறுவதால்
உச்சியில் நாலடி குறைக்கத் தீர்மானம்.
தென்னைக்கு உச்சியில் நாலடி குறைத்தால்
என்ன மிஞ்சும் என்று
அறையில் பலருக்குத் தெரியும்.
எழுதினேன்: ஏகமனதாக.

தட்டுகளைச் சேர்க்க வந்த அஞ்சலம்மா
நோட்டை எட்டிப் பார்த்தாள்.
அவளுக்கு அந்த எழுத்து வராது.
"நான் கேட்டதையும் போட்டியா?"
"போட்டேன்" என்றேன்.
பக்கம் பதினொன்றில்
தென்னைக்கு அடுத்த வரி
கொசு மருந்து.