கைமாற்று

இரண்டாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு
லிஃப்ட் ஏற ஐம்பது விநாடி.
புன்டா அரெனாஸில் காற்று வெறிபிடித்து அடிக்கும் நாளில்
இன்னும் கொஞ்சம் கூடும்.
ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது நான்.
பதினாறு வருடமாக. பெயர் நாவெல்.
யாரும் கேட்டதில்லை, அதனால் சொல்லிவைக்கிறேன்.

எதுவிகிஸ் பாரியாவைத் தள்ளிப்போன இரவு
மயக்க மருந்து டாக்டர் யான்கோ
லிஃப்டுக்குள் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னார்:
“தொண்டை ரொம்பக் குறுகல்.
மூன்றாம் முறைதான் குழாய் இறங்கியது.
நான் இல்லாமல் உருவக் கூடாது.”
நண்டு ஓடு உடைத்து உடைத்துத் தடித்த கை
போர்வைக்கு வெளியே கிடந்தது.
எடுத்து உள்ளே வைத்தேன்.

கதவு திறந்தது. பிறகு சந்தை.
ஒருவர் ஆக்ஸிஜன் முனையைத் தேட,
ஒருவர் மானிட்டரின் கூச்சலை அடக்க,
எவ்வளவு ரத்தம் போனதென்று
சர்ஜன் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருக்க,
தொண்டையைப் பற்றி யான்கோ சொன்னார்
ஒயர் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நர்ஸிடம்.
அவள் தலையாட்டினாள்.
தலை ஆடினால் காது கேட்டதென்று
யார் நமக்குச் சொன்னது?

கைமாற்று வாங்குவோமே, அப்படி.
எழுத்தில்லை, சாட்சியில்லை.
கொடுத்தவர் கொடுத்துவிட்டதாகத் தூங்கப் போகிறார்.
வாங்கியவர் கையில் ஒன்றுமில்லை.

சாட்சி ஒருவன் இருந்தான்,
கதவோரம், அடுத்த அழைப்புக்காக.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

விடியற்காலை குழாயை உருவினார்கள்.
திரும்ப இறக்க ஒன்பது நிமிடம்.

எதுவிகிஸ் பிழைத்தாள்.
மகளைக் கண்டால் சிரிக்கிறாள்.
பெயரை மட்டும்
இருட்டில் சுவிட்சைத் துழாவுவதுபோல் துழாவுகிறாள்.

கூட்டம் போட்டார்கள். நாற்காலி அடுக்கியது நான்.
முதலில் ஒரு படிவம் வந்தது, நாற்பத்திரண்டு கட்டங்களோடு.
இரண்டு வாரத்தில் அதன் முதுகெல்லாம்
காபிக் கோப்பையின் வட்டங்கள்.
தலைமை நர்ஸ் ரயேன் கத்தரிக்கோல் எடுத்தாள்.
தபால் அட்டை அளவுக்கு மிச்சம் வைத்தாள்.
“முதலில் கை. ஒயர், குழாய், பம்பு, எல்லாம் மாட்டி முடியட்டும்.
கை ஓயும்வரை வாய் வேண்டாம்.
அப்புறம் ஒரே ஒரு வாய், மிச்சமெல்லாம் காது.
கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லணும்.”
“நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா?” என்றார் சர்ஜன்.
“ஒப்பிக்கப்போவது நாங்கள், டாக்டர்.
நீங்கள் நின்று கேட்டால் போதும்.”
அதுதான் கஷ்டம் என்றது அவர் முகம்.

முதல் நாள்
கைகள் ஓய்ந்தும் ஒருவரும் பேசத் தொடங்காத
நாலைந்து விநாடி வந்தது.
மூச்சு இயந்திரம் கேட்டது.
கண்ணாடியில் காற்று மோதுவது கேட்டது.
அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டென்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.

அட்டையின் கடைசி வரி:
‘வேறு யாருக்காவது ஏதாவது?’
கேட்டுவிட்டு ரயேன் மனசுக்குள் மூன்று எண்ணுவாள்,
உதடு காட்டிக்கொடுக்கும்.
பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் இருக்காது.

நேற்று படகோட்டி டெலமிரோவைக் கொண்டுவந்தோம்.
ஒன்று. இரண்டு.
அவள் பார்வை சர்ஜனைக் கடந்து,
யான்கோவைக் கடந்து,
ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்திருந்த என்னிடம் நின்றது.
இப்போது குறுகியது என் தொண்டை.
சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்,
நகமளவு காது மெஷின், இரண்டு.
“தியேட்டர் வாசலில் கழற்றி என்னிடம் கொடுத்தார்.
இது இல்லாமல் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.
கண் விழித்ததும் மாட்டிவிடுங்கள்.
இல்லையென்றால் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு
புத்தி தடுமாறிவிட்டதென்று எழுதிவிடுவீர்கள்.”

ரயேன் திருப்பிச் சொன்னாள்:
“காது கேட்காது. விழித்ததும் மாட்ட வேண்டும்.
சொன்னது நாவெல்.”

காலி ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குத் தள்ளிவந்தேன்.
முன்சக்கரம் ஒன்று கிறீச்சிடுகிறது.
அதையும் யாரிடமாவது சொல்லணும்.