பதின்மூன்றாம் கல்

ஓட்டேரி முச்சந்தியின் சுதந்திரத் தூணைப்
பதினொரு அடி கிழக்கே நகர்த்தும்படி
ஆணை வந்தது.
கீழே மெட்ரோ போகிறது, அதனால்.

மொத்தம் நாற்பத்தொரு கல்.
எண் எழுதுவது என் வேலை.
சிவப்புப் பெயிண்ட், அரை அங்குல பிரஷ்,
எந்தக் கல் எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று
ஒரு நோட்டு.

எழுதக் கல் தெரிய வேண்டுமே.
காகிதத்தை உரித்தோம்:
கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு விழா,
மூலம் பௌத்திரம்,
அதற்கடியில் மூன்று தேர்தல்,
அதற்கும் அடியில் காணவில்லை என்று
அரைக்கால் சட்டையில் ஒரு பையன்.
அவனை மட்டும் கிழியாமல் எடுத்து
நோட்டுக்குள் வைத்தேன்.

கிரேன் மஸ்தான் முதலில்
சிமெண்ட் சிங்கங்களை இறக்கினான்.
நான்கில் ஒன்றுக்குத் தாடை இல்லை.
இருந்த பல்லில்
எந்த வருஷத்துக் காற்றாடியோ
விட்டுப்போன மாஞ்சா.

பதின்மூன்றாம் கல்லில்தான் எழுத்து.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு,
ஆகஸ்டு பதினைந்து,
'சுதந்திரம் அடைந்த ஞாபகார்த்தம்'.
கிட்டப் போனால்தான் தெரியும்,
கொத்தியவர் ரகரத்தை விட்டுவிட்டார்.
பிறகு நினைவு வந்து
திக்கும் ம்முக்கும் நடுவே, தலைக்கு மேலே,
பஸ்ஸில் கடைசியாக ஏறியவனைப் போல
ஒரு சின்ன ர
தொங்குகிறது.

எத்தனை நாள் கொடுத்தார்களோ அவருக்கு.
பதினாலாம் தேதி ராத்திரி,
அரிக்கேன் விளக்கைப் பிடிக்க ஒரு பையன்,
சீக்கிரம் சீக்கிரம் என்று சுற்றி நாலு பேர்.

பெல்ட் போட்டுக் கல்லைத் தூக்கினான் மஸ்தான்.
காற்றில் மெல்லத் திரும்பியது.

முதுகிலும் எழுத்து.
ஆங்கிலம்.
அரசர் முடிசூடிய ஆண்டு,
குதிரைகள் தண்ணீர் குடிக்க
யாரோ ஒரு துரை கட்டிக் கொடுத்த தொட்டி.
ஒரு பிழை இல்லை.
அளவுகோல் வைத்த வரி,
சுற்றிலும் கொடி, கொடியில் திராட்சை.
அவர்களுக்கு அவகாசம் இருந்தது.

'கல்லு கிடைக்கல போலருக்கு,
இருந்ததையே திருப்பிட்டாங்க'
என்று சிரித்தான் மஸ்தான்.
ஏ.ஈ. சிரிக்கவில்லை.
'ஜெபராணி, போட்டோ கீட்டோ எடுக்காத.
எப்படி இருந்துச்சோ அப்படியே வை.'

அப்படியேதான் வைத்தேன்.
குதிரைத் தொட்டி உள்ளே, இருட்டில்.
சின்ன ர வெளியே, வெயிலில்.

இதற்கு நடுவே
தூணோரம் இட்லிக் கடை போடும் பூங்காவனம்
தினமும் வந்து வரைபடத்தை எட்டிப் பார்ப்பாள்.
மின்கம்பம், குடிநீர்க் குழாய், வேம்பு,
அம்மன் உண்டியல்
எல்லாவற்றுக்கும் அதில் எண் உண்டு.

'தூணு பதினோரு அடி போவுது.
நான் எத்தினி அடி?'

ஏ.ஈ. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.
மணி அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்த சாயங்காலம்
தின்னர் நனைத்த துணியால்
நாற்பது எண்களைத் துடைத்தேன்.
பதின்மூன்று போகவில்லை.
பழைய கல், குடித்துவிட்டது.
கார்ப்பரேஷன் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகச்
சுண்ணாம்பு அடித்தார்கள்.
அதற்கும் அவசரம்தான்.
விடிந்து பார்த்தால்
வெள்ளைக்கு அடியில் ரோஜா நிறத்தில் என் கையெழுத்து.

டப்பாவில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது.
'எனக்கும் ஒண்ணு போடேன்' என்றாள் பூங்காவனம்.

கொடி ஏறியது.
ஆரஞ்சு மிட்டாய் வந்தது.
கவுன்சிலர் பேசுகையில் தூணின் காலை நிழல்
தகரத் தடுப்பைத் தாண்டி
பழைய இடம் வரை போய்ப் படுத்திருந்தது.

தள்ளுவண்டியின் முன்பலகையைப் பார்த்து
நின்றார் டிராபிக் போலீஸ்.
ஈரம் காயாத நாற்பத்திரண்டு.
'இதுவும் உங்க கணக்கா மேடம்?'

பூங்காவனம் சட்னி ஊற்றுவதை நிறுத்தவில்லை.

ஆமாம் சார், என்றேன்.