முப்பத்து நான்காம் வாரம்

பதினோராம் மாடியிலிருந்து கார் வரைக்கும்
ஏழு நிமிடம் என்கிறார் சுகுமாறன்.
லிஃப்ட் ஓடினால்.
ஓடாவிட்டால் படியில் நாலு இடத்தில்
நான் உட்கார வேண்டும்.
நாலையும் சாக்பீஸால் வட்டமிட்டிருக்கிறார்.
ஏழாம் மாடி வட்டத்துக்குள்
யாரோ பூனைக்குச் சோறு வைத்துவிட்டார்கள்.

தேதி தைப்பூசத்தை ஒட்டி வருகிறது.
தேர் கிளம்பினால் தண்ணீர்மலைப் பக்கம் சாலை அடைபடும்.
அதனால் மனுஷன்
ஆயர் ஈத்தாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
மூன்று வழியும் ஓட்டிப் பார்த்துவிட்டார்.
இரவு ஒன்றரைக்கு ஒருமுறை,
பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒருமுறை,
பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்ட பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு.
பள்ளத்தில் அது எப்படிக் குலுங்குகிறது என்று பார்க்கத்தானாம்.

போன தடவை அவர் வெளியே இருந்தார்,
மைலோ டின் விழும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்.
நான் உள்ளே.
பள்ளியில் படித்த மலாய் முழுக்க
வலியில் என்னை விட்டுப் போயிருந்தது.
கட்டில் மட்டும் புரிந்தது.
மலாயிலும் கட்டில் கட்டில்தான்.
'கட்டில் ஆறு' என்றார்கள்.
அது நான்.

யாரோ கையுறை மாட்டினார்கள்.
முகம் தெரியவில்லை.
சொல்லவில்லை, கேட்கவில்லை,
கை வந்தது.
'தெரான், தெரான்' என்று ஒரு குரல்.
முக்கச் சொல்கிறார்கள் என்று
விளங்குவதற்குள் இன்னொரு குரல்:
இப்போது கத்தி என்ன பயன்?

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள்.
தையல் நல்லபடியாக ஆறியது.
நல்லபடிதானே, என்றார்கள் பார்க்க வந்தவர்கள்.
நல்லபடிதான்.
இன்னொன்று வேண்டாம் என்று
ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை கிளினிக்கில் மிஸி ஹஸ்னிஸா
ஊசி போட்டாள், வயிற்றை அளந்தாள்,
இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே என்றாள்.
பிறகு சாதாரணமாகக் கேட்டாள்,
போன பிரசவம் எப்படி இருந்தது?
நல்லபடி, என்றேன்.
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
வெளியே அடுத்த நம்பர் கூப்பிட்டது.
மறுபடி கூப்பிட்டது.
அவள் எழுந்திருக்கவில்லை.

எவ்வளவு நேரம் பேசினேனோ.
முடித்தபோது ரோஸ் புத்தகத்தில்
இரண்டே வரி எழுதினாள்:
தொடும் முன் சொல்லவும்.
பெயர் சொல்லி அழைக்கவும்.
'உன் பெயர் எப்படிச் சொல்வது?'
தாபா மலார். தவ்வா மலார்.
நாலாவது தடவையில் தவமலர்
அவள் வாயில் சரியாக உட்கார்ந்தது.

'அன்றைக்கு யார் டியூட்டியோ எனக்குத் தெரியாது,
இதைப் படிப்பார்கள் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.
படிக்காவிட்டால் நீ சொல்.
இரண்டு சொல் போதும்: துங்கு டூலு.
கொஞ்சம் பொறுங்கள்.
வலியில் மறக்கும். இப்போதே பழகு.'

அரிசி களையும்போது பழகுகிறேன்.
பஸ் நிறுத்தத்தில், உதடு அசையாமல்.
வெள்ளித் தேர்கூட
வாசலுக்கு வாசல் நின்றுதானே நகர்கிறது.

பையில் இரண்டு கைலி, ஒரு ஜோடி காலுறை.
அங்கே குளிரும்.
வீட்டுச் சாவி எதிர்வீட்டு சியூ லானிடம்.
எந்நேரமானாலும் தட்டு, பிள்ளை என்னோடு தூங்கட்டும் என்றிருக்கிறாள்.
கூட உள்ளே வருவதற்கு
இவர் பெயரை எழுதிக் கொடுத்தாயிற்று.
இரத்தம் பார்த்தால் மயக்கம் வருமே என்கிறார்.
வரட்டும்.
விழுவதானால் என் தலைமாட்டுப் பக்கம் விழுங்கள் என்றேன்.

நேற்று யாழரசிக்குத் தலை வாரினேன்.
சிக்கு. இழுத்தேன்.
'துங்கு டூலு,' என்றாள்.

சீப்பு அந்தரத்தில் நின்றது.
அவள் தன் விரலால் சிக்கைக் கொஞ்சம் பிரித்தாள்,
முடியை முன்னால் போட்டுப் பார்த்தாள்,
அவசரமே இல்லை அவளுக்கு,
'ம்... இப்ப,' என்றாள்.

கீழிருந்து போன்.
இன்றைக்கு ஒன்பதரை நிமிடமாம்.
மூன்றாம் மாடியில் யாரோ
சோபா ஏற்றிக்கொண்டிருந்தார்களாம்.