மூன்றாம் கால்

எங்கள் ஆட்டத்துக்கு நான்கு கால்.
ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை,
இரண்டாம் காலில்
போனது ஜோயல் பெட்ஷலின் கால்.
வானத்துப் பந்துக்கு எகிறியவன்
இறங்கும்போது முட்டி மட்டும்
வேறு பக்கம் இறங்கியது.
சிலுவை நார் என்றார் டாக்டர்.
ஊரே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது.

இப்போது ஜூலை.
கோதுமைக் கிடங்கின் நிழல்
எல்லைக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டது.
மைதானத்தைச் சுற்றி நிறுத்திய கார்களுக்குள்
போர்வை மூடிய மடிகள்,
ஃப்ளாஸ்க்குகள், ஒரு கிழட்டு நாய்.
நம்மவர் கோல் அடித்தால்
கார்கள் எல்லாம் சேர்ந்து கத்தும்.
இன்று ஹாரன்களுக்கு
அதிகம் வேலை வைக்கவில்லை.

நான் கேன்டீன் ஜன்னலில் நிற்கிறேன்.
மீட் பைக்குக் காசு, சாஸுக்குத் தனிக் காசு.
அபிப்பிராயம் மட்டும் வரிசையில் இலவசம்.

“பதினான்கு வாரம் சம்பளம்.
பந்தைத் தொட்டானா?” மெர்வின் ஆரம்பிக்கிறார்,
கையுறையைக் கழற்றாமல் சில்லறை தேடியபடி.
“ஓடாத அறுவடை இயந்திரத்துக்கு
எவனாவது டீசல் ஊற்றுவானா?”

“உன் இயந்திரம் போன டிசம்பரில்
பெல்ட் அறுந்து நின்றதே,
பள்ளத்திலா தள்ளினாய்?
கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடினாய்.”
நோலீன். சீருடை துவைப்பவள்.
பதினேழாம் எண் சட்டையை
இன்னும் மடித்துத்தான் வைத்திருக்கிறாள்.
“அவன் நடுவில் நின்றால்
நம் பொடியன்கள் அரை அடி உயர்கிறார்கள்.
அதை எந்த நோட்டில் எழுதுவாய்?”

நோட்டு இருந்தது, கணக்கு டீச்சர் இமோஜனிடம்.
அவன் ஆடியவை பதினொன்று, வென்றவை எட்டு.
ஆடாதவை பத்து, வென்றவை மூன்று.
“ஆனால்” என்று கண்ணாடியைத் துடைத்தாள்,
“அந்தப் பத்தில் நாலு வாரம்
பாதிப் பேருக்குக் காய்ச்சல்.”
யாருக்கும் பிடிக்காத மாதிரி
உண்மையைச் சொல்வதில் அவள் கெட்டிக்காரி.

யாரோ பின்னாலிருந்து,
“போன வருஷ இறுதி ஆட்டத்தில்
கடைசி உதையைத் தவறவிட்டது யார்?”

வரிசை அமைதியானது.
அடுப்பு மட்டும் பேசியது.
நாங்கள் தோற்றது இரண்டு புள்ளியில்.
அவன் உதை
பெரிய கம்பத்துக்கும் சின்னக் கம்பத்துக்கும் நடுவே போனது.
அதற்கும் ஒன்று உண்டு இந்த ஆட்டத்தில்.
குறி தப்பியவனுக்கும்
ஒரு புள்ளி கொடுத்து அனுப்பும் ஆட்டம்
வேறு எங்கே இருக்கிறது?
அந்த ஒன்று இல்லாவிட்டால்
தோல்வி மூன்றில்.
ஆறுதலாக இதை யாரும் சொல்வதில்லை.

அப்போது மைதானத்தில்
பதினாறு வயதுப் பையன் ஒருவன்,
ஜோயல் நின்ற இடத்தில் நிற்பவன்,
உதைத்தான்.
பந்து காற்றில் யோசித்து
இடப்பக்கம் சாய்ந்தது.
ஒன்று.

“மேலே யார் தூங்குகிறது?
எண்ணை மாற்றுங்கப்பா!”
மெர்வின் அண்ணாந்து கத்தினார்.

கேன்டீன் கூரைக்கு மேலேதான்
ஸ்கோர் பலகை, தகரப் பெட்டி.
ஏழைக் கழற்றின இரண்டு கைகள்,
எட்டை மாட்டின.
நாற்பத்தெட்டு.
எதிரணி எழுபத்தொன்று.
எட்டு கோணலாகத் தொங்கியது;
ஒரு விரல் அதை நேராக்கிவிட்டுப் போனது.

ஒவ்வொரு கால் முடிந்ததும்
அந்த ஏணியில் நான் டீ ஏற்றுகிறேன்.
ஏணி அடியில்
தானியச் சாக்குக்குப் பின்னால்
ஊன்றுகோல் ஒன்று சாய்ந்திருக்கும்.
ஏழு படி. உட்கார்ந்து உட்கார்ந்து,
முதுகைக் காட்டி ஏறுவான்.
காசு கேட்டதில்லை இதற்கு.

மெர்வின் ஊன்றுகோலை இப்போதுதான் பார்க்கிறார்.
கழுத்து மெல்லச் சிவக்கிறது.
அவர் சொன்னது பொய்யுமில்லை;
கிளப் கணக்கில் மிச்சம் இருப்பது
எனக்கும் தெரியும்.

“கேட்டிருக்குமா?” என்றார்.
“தகரம் மெல்லிசு” என்றேன்.
“சாஸ் வேண்டுமா?”