உள்மறை

ஞாயிறு மறைக்கல்வி, ஆறாம் வகுப்பு, குளச்சல்.
ரெக்சிலின் எழுந்து கேட்டாள்:
"மறைன்னா ஒளிச்சு வைக்கியதுதானே மிஸ்,
பெறகு எதுக்கு சத்தம் போட்டு வாசிக்கோம்?"
மின்விசிறி சுற்றியது. நான்
வருகைப் பதிவேட்டில் எதையோ தேடினேன்.

வடமொழி அறிவு என்று பெயர் வைத்ததை
முதன்முதல் தமிழில் மறை என்றவள் யார்?
(அவளாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.)
நேர்ச்சொல் கிடைக்காமல் அப்படிச் செய்திருக்க மாட்டாள்.
எழுதப்படாமல் வாய்க்குள்ளேயே கிடந்ததால் என்பார்கள்,
பொருள் அடியாழத்தில் கிடப்பதால் என்பார்கள்.
அகராதி இன்னொன்றும் சொல்கிறது:
மாட்டின் தோலில் விழுந்த புள்ளி.
ஒரு வெள்ளைத் திட்டுக்குள்
ஒளிந்துகொள்ள என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை
கோயில் மணியின் போல்ட்டையும் நட்டையும் துணியில் பொதிந்து
மாஹீன் லேத்துக்குப் போனேன்.
விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.
"நட்டுல மறையே இல்ல டீச்சர்,
எல்லாம் தேஞ்சு போச்சு."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஏன் என்று சொன்னதும் அவரும் சிரித்தார்.
"எங்களுக்கும் திருமறைதான்.
இத்தன வருசமா வெட்டுறேன், நெனச்சதே இல்ல பாருங்க."

வெளிமறை வெட்டும்போது பார்க்கலாம்,
சுருள் சுருளாய் வெள்ளி உரியும்.
உள்மறை அப்படியில்லை.
உளி உள்ளே போய்விட்டால் கண்ணுக்கு வேலையில்லை,
சத்தத்தை வைத்துத்தான்.
மாஹீன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"விரல விட்டுப் பாருங்க."
வரி வரியாய் இருந்தது,
எண்ணெய்ப் பிசுக்கோடு, இன்னும் சூடாக.
ஒரு வரியும் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் அச்சகம்.
கார்த்திகையில் கடலுக்குப் போன
அண்ணன் பனியடிமைக்கு ஏழாம் வருடப் பூசை,
நோட்டீஸ் அடிக்க வேண்டும்.
தோற்றம்: தேதி இருக்கிறது.
மறைவு:
பையன் விசைப்பலகையில் விரலை வைத்துக் காத்திருந்தான்.
காற்று அடித்த நாளா,
வள்ளத்தின் பலகை மட்டும் ஒதுங்கிய நாளா,
தேடலை நிறுத்திய நாளா,
தாலுகா ஆபீசில் சான்றிதழ் தந்த நாளா?

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"அவனக் காணல்ல, அவ்வளவுதான்.
காணாம இருக்கியது வேற பிள்ளே, மறையது வேற.
ஒண்ணும் அடிக்கப்பிடாது."
"அப்ப அந்த வார்த்தையவே எடுத்துரவா அக்கா?" என்றான் பையன்.
வேண்டாம், அது கிடக்கட்டும்,
பக்கத்தில் மட்டும் சும்மா விடு.

அடுத்த ஞாயிறு மணி ஒழுங்காக அடித்தது.
ரெக்சிலின் வரவில்லை, காய்ச்சலாம்.
கேள்வி கேட்காத இருபத்தெட்டுப் பேரிடம்
தேய்ந்த பழைய நட்டைச் சுற்றுக்கு விட்டேன்.
ஒருத்தி முகர்ந்தாள். ஒருவன் விரலில் மோதிரமாய் மாட்டிக்கொண்டு
கழற்ற முடியாமல் அழப் பார்த்தான்.
கடைசி பெஞ்சுக்காரன் அதை ஒற்றைக் கண்ணில் வைத்து
ஜன்னல் வழியே
வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.