உள்பக்கம்

வண்டிகளை நான் வயிற்றுப்பக்கமாகத்தான் அறிவேன்.
கொண்டலாம்பட்டி தாண்டிய சோதனைத் தளத்தில்
என் குழியின் மேல் வருடத்துக்கு
ஆயிரத்துச் சொச்சம் வண்டி நின்று போகும்.
முகத்தை யார் பார்த்தது?
ஒழுகும் சீல், ஓய்ந்த புஷ்,
ஏற்காட்டுச் செம்மண் அப்பிய ஆக்சில்.

ஜவ்வரிசி ஆலை கொடுத்த டைரியில்
மூன்று வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறேன்.
மஞ்சள் பலகை, ஏழு சீட்டு, நடுத்தர உடம்பு,
இந்த ரகம் மட்டும்.
கம்பெனிப் பேர் எழுதுவதில்லை. நானே வைத்தவை:
பூனைக்கண். சதுரமுதுகு. வரிப்பல்.

பூனைக்கண் நாற்பத்தொன்று வந்தது,
ஒன்பது திரும்பிப் போனது.
பெரும்பாலும் முன்சக்கரப் பிரேக்;
கியரைக் குறைக்காமல்
காலாலேயே மலையிறங்குகிறவர்களின் கைங்கரியம்.
ஒன்றில் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது,
பாம்பு தீண்டிய கால்போல.

சதுரமுதுகு முப்பத்தாறு. பதினொன்று தோல்வி.
வெளிச்சம், புகை, கைப்பிரேக்,
ஒன்றில் ஸ்டியரிங் முனை விரல் நுழைகிற ஆட்டம்.
அது அடுத்த வாரமும் வந்தது, மறுபடி தோற்றது,
மூன்றாம் தரம் புது முனையோடு வந்து பாஸானது.

வரிப்பல் பத்தொன்பது.
ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"அப்புறமென்ன மச்சான், வரிப்பல்தானே?" என்றான் இருசப்பன்,
தட்டுவடை செட்டிலிருந்து பீட்ரூட் உதிர.
தங்கச்சி வளையல் ஏற்கெனவே அடகுக்கடையில்.
ஏற்காட்டுக்கு டூரிஸ்ட் ஓட்டப் போகிறானாம்.

நான் உடனே சொல்லவில்லை.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை
நாகலூர் வரிப்பல் ஒன்று குழிமேல் நின்றது.
இடது பின் டயர், உள்சுவரில்
கட்டைவிரல் அகலம் பச்சைப் பெயிண்ட்,
பக்கத்தில் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி ஒரு வடு.
வியாழக்கிழமை செங்காட்டு வண்டி.
அதே பச்சை. அதே காம்பு.
சனிக்கிழமை மஞ்சக்குட்டையிலிருந்து இன்னொன்று.
டார்ச்சை அணைத்துவிட்டுக்
குழிக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
இரவல் பட்டுப்புடவை கல்யாணம் கல்யாணமாகப் போகிறதுபோல்
நாலே டயர்,
மலையே மாற்றி மாற்றி உடுத்திக்கொள்கிறது.

டைரியில் மூன்று நாளும் என் கையெழுத்து:
டயர் நன்று.
பொய்யில்லை. டயர் நன்றாகத்தான் இருந்தது.
அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.
"வந்த வண்டியைப் பாருப்பா,
வந்த வழியைப் பார்க்காதே" என்றார், முத்திரையை ஊதியபடி.
அந்தப் பத்தொன்பதில்
எத்தனை வரிப்பல், எத்தனை அந்த டயர் என்று
இன்றைக்கும் பிரிக்கத் தெரியாது எனக்கு.

இருசப்பனிடம் சொன்னேன்:
மூணு தரம் வந்துச்சே, அந்தச் சதுரமுதுகைக் கேட்டு வாங்கு.
"தோத்த மாட்டையா புடிச்சு வரச் சொல்றே?"
சிரித்துக்கொண்டே போய் வரிப்பல் வாங்கினான். வெள்ளை.
உள்ளூர்க் கைமாற்றுதான்; எஃப்.சி. இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்து டீக்கடையில் நின்றிருந்தேன்.
வந்தது. முன்சீட்டில் தங்கச்சி,
பின்னால் ஈரோட்டுக் குடும்பம், தொப்பி போட்ட பிள்ளைகள்.
ஹாரன் அடித்துக் கையாட்டினான்.
இருபது கொண்டை ஊசிகளில் முதலாவதை நோக்கி ஏறுகையில்,
பழக்கதோஷம்,
கிளாஸைப் பிடித்தபடியே குனிந்தேன்
தார்ரோட்டில் கன்னம் படுகிற அளவு.
டீ சிந்தியது. கடைக்காரர் எதையோ தேடுகிறேன் என்று நினைத்தார்.

அங்கிருந்து தெரிந்தது வெளிச்சுவர் மட்டும்.
கறுப்பாய், பாலிஷ் போட்டு, மின்னிக்கொண்டு.